பதினான்கு நீலப் புள்ளிகள்

மதிப்பிற்குரிய துப்பறியும் அதிகாரி ஹால்வர்சன் அம்மையார் அவர்களுக்கு,

முதற்கண் காபிக்கு என் நன்றி. மேசைமேல் சிறிது சிந்திவிட்டேன். கோப்பை விளிம்புவரை நிறைந்திருந்ததுதான் அதற்குக் காரணம் என்பதைத் தாங்களும் கவனித்திருப்பீர்கள். வாயால் சொன்னால் போதும், பதிவுசெய்துகொள்கிறோம் என்றீர்கள். எழுதித் தருகிறேன் என்று நான் கேட்டுக்கொண்டபோது மறுக்காமல் தாளும் பேனாவும் வரவழைத்துக் கொடுத்தீர்கள். தொழிற்கல்லூரித் தேர்வுத்தாள்களையும் ஆலையின் ஆய்வறிக்கைகளையும் தவிர நான் நீளமாக எதையும் எழுதியவனல்லன். குறைகள் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் வந்த நோக்கம் சிறியது. டெல்மர் ஹூபரின் கார் விபத்தைப் பற்றிய அறிக்கையின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி தவறாக இருக்கிறது. அதைத் திருத்தித் தருமாறு கேட்கவே வந்தேன். எந்த வரி என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன். காரணத்தை விளக்காமல் திருத்தம் கேட்பது முறையாகாது என்பதால் தங்கள் நேரத்தைச் சற்று எடுத்துக்கொள்கிறேன்.

டெல்மரும் நானும் பத்தொன்பது வயதில், ஒரே வாரத்தில், ஆலையில் சேர்ந்தோம். கார்களுக்கு ஸ்டியரிங் பாகங்கள் செய்த ஆலை அது. மிச்சிகனின் இந்தப் பகுதியில் யாருடைய தந்தையைக் கேட்டாலும் அங்கே வேலை பார்த்ததாகத்தான் சொல்வார். டெல்மர் நட்டு இறுக்குபவன். நான் ஆய்வாளன். அவன் இறுக்கியதை நான் ரெஞ்சு வைத்துச் சரிபார்ப்பேன். குறித்த அளவுக்கு இறுகியிருந்தால் ரெஞ்சு 'டிக்' என்று சொல்லும். அதன்பின் நட்டின்மேல் தொடங்கி, அது அமர்ந்திருக்கும் இரும்பின்மேல் முடியுமாறு ஒரே இழுப்பில் ஒரு மஞ்சள் கோடு போடுவேன். பிற்காலத்தில் நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இறுக்கியவனே தன் வேலைக்குக் கோடு போடக் கூடாது என்பது ஆலையின் முதல் விதி. முப்பத்தொரு ஆண்டுகள் அவன் இறுக்கினான், நான் கோடு போட்டேன். என் கோடு விழுந்த பாகம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைத் தற்பெருமையாக எண்ண வேண்டாம். பதிவேடுகளில் இருக்கிறது.

எங்கள் ஊரில், இளமையில் வாங்க முடியாத காரை முதுமையில் வாங்குவது ஆண்களின் வழக்கம். டெல்மரும் வாங்கினான். எழுபதாம் ஆண்டின் மசில் கார், அதாவது உடலுக்கு மீறிய பலமுள்ள எஞ்சின் வைத்த வகை. இரண்டு கதவு, கரும்பச்சை வண்ணம், முன்மூடியில் காற்று வாங்க இரண்டு துளைகள். அந்த எஞ்சினைப் பற்றிக் குறை சொல்ல எவராலும் இயலாது. ஆனால் அந்தக் காலத்துக் கார்கள் நேராகப் பாய்வதற்கென்றே பிறந்தவை. ஸ்டியரிங் சக்கரத்தை நான்கு விரற்கடை ஆட்டிய பிறகுதான் முன்சக்கரங்களுக்குச் செய்தி போய்ச் சேரும். வளைவு வந்தால் வண்டி படகைப்போல் ஒரு பக்கம் சாயும். முதல் நாள் சவாரி போய்வந்து இறங்கியபோது டெல்மரின் மனைவி நோரீன் கூந்தலைச் சரிசெய்துகொண்டே சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"இது காரா, கட்டிலா? ஒவ்வொரு வளைவுலயும் உங்க மடில வந்து விழுறேன்."

"அதுக்குத்தாண்டி வாங்கினேன்," என்றான் டெல்மர்.

"சிரிக்காதீங்க. லேலண்ட், நீங்களாவது சொல்லுங்க. இதைச் சரிபண்ணாம இனிமே நான் ஏற மாட்டேன்."

அப்படித்தான் அந்த வேலை தொடங்கியது. எஞ்சினைத் தொடுவதில்லை. ஸ்டியரிங்கையும் சஸ்பென்ஷனையும் மட்டும் இக்காலத்துக்கு ஏற்றாற்போல் மாற்றுவது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே சாலைகளில் பனி உருக உப்புத் தூவுவார்கள். உப்பு இரும்பைத் தின்னும் என்பதால் பழைய கார் வைத்திருப்பவர் எவரும் அந்த மாதங்களில் வெளியே எடுப்பதில்லை. ஆகவே எங்கள் வேலை குளிர்கால வேலை. முதல் ஆண்டில் முன்பக்கம்: ஸ்பிரிங்குகள், ஷாக் அப்சார்பர்கள், சக்கரத்தைத் தாங்கும் கைகள். இரண்டாம் ஆண்டில் பின்பக்கம். மூன்றாம் ஆண்டில் ஸ்டியரிங் பெட்டியும் அதைச் சார்ந்த தண்டுகளும். ஆலையின் விதியை டெல்மரின் கராஜிலும் கடைப்பிடித்தோம். ஒரே ஒரு வேறுபாடு. இங்கே இருவரும் இறுக்கினோம். நான் இறுக்கியதற்கு அவன் கோடு போட்டான். அவன் இறுக்கியதற்கு நான் போட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் போவேன். நண்பகலில் நோரீன் மான்கறியும் பீன்சும் சேர்த்த காரக் குழம்பான சிலி கொண்டுவருவார். இரண்டு மணிக்குக் கைகழுவிவிட்டு நான்கு பேராக யூக்கர் சீட்டாடுவோம். நான்காவது ஆள் டெல்மரின் மருமகன் ரோரி. பக்கத்து ஊரில் கார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நாற்பது வயதுக்காரர். ஆட்டத்தில் அவர் எப்போதும் என் கூட்டாளி. எனக்குக் குடும்பம் இல்லை. சனிக்கிழமை இருந்தது.

மூன்றாம் குளிர்காலத்தின் பிப்ரவரியில், ஸ்டியரிங் பெட்டிக்கு அளவெடுக்க வண்டியின் அடியில் படுத்திருந்தேன். டார்ச்சு வெளிச்சம் முன்பக்க ஷாக் அப்சார்பரின் நட்டில் விழுந்தது. நான் இறுக்கிய நட்டு. டெல்மரின் மஞ்சள் கோடு அதன்மேல் இருந்தது. கோட்டின் பக்கத்தில் கடுகளவு ஒரு நீலப் புள்ளி இருந்தது.

அடுத்த நட்டைப் பார்த்தேன். அதிலும் இருந்தது. வண்டியின் அடியில் முன்னிருந்து பின்வரை முதுகால் நகர்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். நான் இறுக்கியவை பதினான்கு. டெல்மர் இறுக்கியவை இருபத்திரண்டு. பதினான்கிலும் நீலப் புள்ளி இருந்தது. இருபத்திரண்டில் ஒன்றில்கூட இல்லை.

நான் வெளியே வந்து கைகளைத் துடைத்துக்கொண்டேன்.

"டெல்மர், அந்த நீலம் என்ன?"

"எந்த நீலம்?"

"ஒனக்குப் பொய் சொல்ல வராது. கழுத்து செவந்துபோச்சு பாரு."

அவன் கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்தான். ரேடியோவை அணைத்தான். என் பெயரைச் சுருக்கி லீ என்றுதான் அவன் அழைப்பான்.

"ரோரி பாத்தான் லீ. பாத்ததுக்கு அவன் வச்ச அடையாளம்."

"எப்ப?"

"ஞாயித்துக்கெழமைல."

"நான் சர்ச்சுல பாடிட்டு இருக்கறப்பவா?"

"வேற எப்பப் பாக்க? மத்த நேரமெல்லாம் நீ இங்கதானப்பா இருக்க."

அதை வேடிக்கையாகச் சொல்ல முயன்றான். நான் சிரிக்காததால் தரையைப் பார்த்துப் பேசினான்.

"போன வருஷம் பின்பக்க ஷாக்கோட கீழ் நட்டு. நீ இறுக்கினது. நான் ரெஞ்சுகூட வைக்கல. நீ இறுக்கினதுதானேன்னு கோட்டைப் போட்டுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு சும்மா கை வச்சா சுத்துது. வெறுங்கையால சுத்துது லீ."

"அது நான் இறுக்கினதா இருக்காது."

"நீதான். ஒன் கை நடுங்குது. சீட்டு பிடிக்கறப்ப நோரீன்தான் மொதல்ல கவனிச்சா. ரெஞ்சு 'டிக்'குனு சொல்றதுக்கு முன்னாடியே ஒன் கை விட்டுடுது. சொன்னா நீ இங்க வர்றதையே நிறுத்திடுவ. அதான் சொல்லல. தப்புதான். ஆனா அந்த வண்டில நோரீன் உக்காரப்போறாப்பா."

அம்மையார் அவர்களே, அந்தப் பின்பக்க நட்டை இறுக்கிய நாளை நான் பலமுறை நினைவில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நான் இறுக்கினேன். 'டிக்' என்ற ஒலியைக் கேட்டேன். அன்று ரேடியோவில் ஹாக்கி வர்ணனை சத்தமாக இருந்தது என்பதும் உண்மை. ஆனால் முப்பத்தொரு ஆண்டுகள் அந்த ஒலியைக் கேட்ட காதுக்கு ரேடியோ ஒரு பொருட்டல்ல.

நான் சினம் கொள்ளவில்லை. நண்பகலில் சிலி வந்தது. காரம் சற்று அதிகம். நன்றாக இருக்கிறது என்று நோரீனிடம் சொன்னேன். அவர் என் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அவர் அதை வழிய வழிய நிரப்புவார். சில மாதங்களாக அரைக்கிண்ணம்தான் ஊற்றுகிறார் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இரண்டு மணிக்குச் சீட்டாடினோம். ரோரி எனக்கு எதிரே உட்கார்ந்து, என் கூட்டாளியாக, என் கண்ணைப் பார்த்து ஆடினார். இரண்டு குளிர்காலங்கள் அந்த மூவரும் ஒரு மேசையில் என்னோடு உட்கார்ந்து, மூவரும் அறிந்த ஒன்றை நான் மட்டும் அறியாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மனிதனைப் புண்படுத்துவதற்கு வேறு வழிகளும் உண்டு. இவ்வளவு மென்மையான வழி வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் நான் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவது வாரம் டெல்மர் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, காதுகள் குளிரில் சிவக்க நின்றான்.

"போதும் லீ. வா. மூணு பேரை வச்சு யூக்கர் ஆட முடியல. நோரீன் ஏமாத்துறா, நான் அவளை ஏமாத்துறேன், ரோரி அழுவுறான்."

"எனக்குக் கை நடுங்குதே."

"நடுங்கட்டும். எனக்கு முழங்கால் மடங்க மாட்டேங்குது. ரெண்டு பேரும் சேந்து ஒரு முழு ஆளு." பிறகு அவன் முகத்தில் வேடிக்கை மறைந்தது. "இனிமே அந்த வண்டில ரோரி கை படாது. நீ கோடு போட்டா அதுதான் கடைசிப் பேச்சு. எம் பேரக்குழந்தைங்க மேல ஆணை. கையக் குடு."

கை கொடுத்தேன். அவன் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்தான். அன்பினால் பிடித்தான் என்று அப்போது பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள். நடுக்கம் எவ்வளவு என்று அளந்து பார்க்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் அவனை நம்பினேனா என்று தாங்கள் கேட்கக்கூடும். ஆய்வாளன் நம்புவதில்லை. ஒரு தொகுதியில் பதினான்கு பழுதுகள் காணப்பட்டால், பதினைந்தாவது நல்லது என்று எழுதிக்கொடுப்பவன் ஆய்வாளன் அல்லன். சோதித்துப் பார்க்க வேண்டும். அதுவே நான் கற்ற முறை.

மார்ச் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை புதிய ஸ்டியரிங் பெட்டியைப் பொருத்தினோம். பெட்டியின் அடியிலிருந்து குட்டையான ஓர் இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுபவர் சக்கரத்தைத் திருப்பினால் அந்தக் கை அசையும். அது தண்டுகளை இழுக்கும். தண்டுகள் முன்சக்கரங்களைத் திருப்பும். அந்தக் கையைப் பெட்டியோடு பிடித்துவைப்பது ஒரே ஒரு பெரிய நட்டு. வண்டியில் உள்ள நட்டுகளிலேயே மிகுந்த பலத்தோடு இறுக்க வேண்டியது அதுதான். டெல்மர் அதை விரலால் சுற்றி ஏற்றிவிட்டு, ரெஞ்சைக் கையில் எடுத்து, சற்று நேரம் அதையே பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"இந்தா. நீயே இறுக்கு."

"அப்ப கோடு நீ வந்து போடு."

"இல்ல. கோடும் நீயே போடு."

"அது விதி இல்லையே டெல்மர்."

"விதியெல்லாம் ஆலையோட போச்சு. ரெண்டும் ஒன் கையாலேயே இருக்கட்டும். நம்புறேன்னு சொன்னேன்ல, இன்ஸ்பெக்டர் ஐயா? நான் போய் சிலியக் கிண்டுறேன், நோரீன் அடி பிடிக்க விட்டுட்டா." முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனான்.

ஐம்பது ஆண்டுகளில் எங்களுக்குள் அப்படி ஒன்று நடந்ததில்லை. அது எனக்குப் பெரிய மரியாதை என்று ஒரு கணம் தோன்றியது. மறுகணம் ஐயம் வந்தது. இவ்வளவு எளிதாக விதியை விட்டுக்கொடுப்பவன், நாளை ஞாயிற்றுக்கிழமை நான் தேவாலயத்தில் இருக்கும்போது மருமகனை அழைக்கத் திட்டமிட்டிருப்பதால்தானே விட்டுக்கொடுக்கிறான்? யாரோ பின்னால் வந்து சரிபார்க்கப்போகிறார்கள் என்றால் யார் இறுக்கினால் என்ன, யார் கோடு போட்டால் என்ன? அவன் என்னிடம் கொடுத்தது நம்பிக்கையல்ல, குழந்தை கையில் கொடுக்கும் விளையாட்டுப் பொருள் என்று எண்ணினேன்.

ஆகவே ரெஞ்சைத் தரையில் வைத்தேன். பேனாவை எடுத்து மஞ்சள் கோட்டை மட்டும் போட்டேன்.

மிகவும் நேரான கோடு. அதைத் தாங்கள் புகைப்படத்தில் பார்த்திருப்பீர்கள்.

என் எண்ணத்தில் தீங்கு எதுவும் இருக்கவில்லை என்பதை இவ்விடத்தில் பணிவுடன் குறிப்பிட விரும்புகிறேன். ரோரி வந்து பார்த்தால் நட்டு விரலால் சுழலும். டெல்மர் உடனே தொலைபேசியில் அழைத்துக் கத்துவான். அப்போது நான், 'அப்படியானால் ரோரியைப் பார்க்கச் சொன்னாய், இல்லையா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அவ்வளவுதான். அவன் அதை ஒப்புக்கொள்வதைக் கேட்பேன். அதன்பின் நானே போய் முறையாக இறுக்கிக் கொடுத்திருப்பேன். ரோரி வராவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. எண்ணினேன். ஆனால் அது நிகழக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு போயிற்று. அழைப்பு வரவில்லை. திங்கள் முதல் ஒவ்வொரு நாளும் தொலைபேசியை மேசையின்மேல் எதிரே வைத்துக்கொண்டு உணவருந்தினேன். வியாழனும் வெள்ளியும் பெருமழை பெய்தது. ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் காத்திருந்த மழை அது. சாலை உப்பைக் கழுவும் மழை.

சனிக்கிழமை வழக்கம்போல் பத்து மணிக்குப் போனேன். டெல்மர் வண்டிக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தான். முன்சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று இன்னொருமுறை நூல் பிடித்துப் பார்க்கிறேன் என்று சொல்லி அடியில் படுத்தேன். டார்ச்சை அடித்தேன். நட்டின்மேல் என் மஞ்சள் கோடு இருந்தது. அதன் பக்கத்தில் நீலப் புள்ளி இல்லை. இடப்பக்கமும் பார்த்தேன், வலப்பக்கமும் பார்த்தேன். இல்லை.

"என்னடா, அடியில தூங்கிட்டியா?" என்று மேலிருந்து டெல்மர் கேட்டான்.

"இல்ல. பாக்குறேன்."

"பாத்தது போதும், வெளிய வா. ஒன் கோட்டை நீயே நம்பலேன்னா வேற எவன் நம்புவான்?"

ரெஞ்சு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அறிக்கையில் இது இல்லை. ஆயினும் முழுமை கருதிச் சொல்கிறேன். அதை எடுத்து இறுக்க அரை நிமிடம் போதும். ஆனால் சோதனையைப் பாதியில் நிறுத்துவது சோதனையாகாது. இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீதமிருந்தது. ரோரி நாளைக் காலையும் வரக்கூடும். வெளியே வந்தேன். இரண்டு மணிக்குச் சீட்டாடினோம். ரோரியும் நானும் வென்றோம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. டெல்மர்தான்.

"லீ! ரோட்டுல வெரல வச்சு நக்கிப் பாத்துட்டேன். உப்பே இல்ல. நோரீன் என்னைப் பைத்தியங்கறா. பதினோரு மணிக்குக் கெளப்புறேன். நீ வந்து முன்னாடி உக்காரு. மொத சவாரி ஒனக்குத்தான்."

"ரோரி வந்தானா?" என்று கேட்டேன்.

"ரோரி எதுக்கு? அவனுக்கு இங்க என்ன வேலை? வர்றியா இல்லையா?"

அந்தப் பதில் மிகவும் சரளமாக வந்தது. ஒத்திகை பார்த்த பதில் என்றுதான் நான் எண்ணினேன். எனக்குச் சளி பிடித்திருப்பதாகச் சொன்னேன்.

"நோரீனைக் கூட்டிட்டுப் போ. மூணு வருஷமா காத்துட்டு இருக்கா. அந்த சீட்டு அவளோடது."

"பெரிய மனுஷன்டா நீ. சரி, சாயங்காலம் ரெண்டாவது சவாரி ஒனக்கு. சளிக்கு ஏதாவது குடி."

தேவாலயத்துக்குப் போனேன். அன்று நாங்கள் நான்கு பாடல்கள் பாடினோம். இதே நேரத்தில் ரோரி வண்டியின் அடியில் படுத்திருக்கிறார், நீலப் பேனா அவர் சட்டைப்பையில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே பாடினேன். என் குரல் நன்றாக இருந்ததாகப் போதகரின் துணைவியார் பிறகு சொன்னார். படியிறங்கும்போது ஆம்புலன்ஸ் ஒலி கேட்டது. ஆற்றோரச் சாலையின் வளைவுப் பக்கமாகப் போயிற்று.

மற்றவை தங்கள் அறிக்கையில் உள்ளன. மூன்றாவது வளைவு, ஓக் மரம், டெல்மர் அங்கேயே இறந்தது, நோரீனின் இடுப்பெலும்பு. வண்டி சாயவே இல்லை என்றும் முதல் இரண்டு வளைவுகளில் தண்டவாளத்தில் போவதுபோல் போனது என்றும் நோரீன் சொன்னாராம். நாங்கள் செய்த வேலை நல்ல வேலை. அதை யாராவது எழுதியிருக்கலாம்.

மருத்துவமனையில் நோரீனைப் பார்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திருப்புறாரு, சக்கரம் சும்மா சுத்துது லேலண்ட். கையில ஒண்ணுமே இல்லடின்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு."

நான் வருத்தம் தெரிவித்தேன்.

"அன்னிக்குக் காலைல ரோரி வாசல்ல வந்து நின்னான். நான்தான் வரச்சொன்னேன். ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டுமேன்னு கெஞ்சினேன். இவர் கராஜ் கதவை மறிச்சுட்டு நின்னாரு. லீ கோடு போட்டிருக்கான், அவன்கிட்ட சத்தியம் பண்ணிருக்கேன், ஒருத்தனும் தொடக் கூடாதுன்னு கத்தினாரு. மருமகன்கிட்ட அவர் அப்படிப் பேசி நான் பாத்ததே இல்ல."

அறைக்கு வெளியே ரோரி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

ஆகவே அம்மையார் அவர்களே, டெல்மர் சொன்ன சொல் தவறவில்லை. எனக்கு அது அன்றுதான் தெரிந்தது. அதை அறிந்துகொள்ள எனக்கு வேறு வழி இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவனுடைய இறுதிச் சடங்கில் நான் மன அமைதியோடு நின்றேன். என் கோட்டை இவ்வளவு மதித்த மனிதன் வேறொருவன் இல்லை. இந்த விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். நானும் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன்.

ஆனால் சென்ற வாரம் நோரீன் என்னை வீட்டுக்கு அழைத்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடி, அறிக்கையின் பிரதியை எடுத்து, நான்காம் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினார். "ஆய்வுக்குறி இட்ட திரு. லேலண்ட் பிரூவரின் வயது முதிர்வாலும் கைநடுக்கத்தாலும் நேர்ந்த கவனக்குறைவு" என்று அதில் இருக்கிறது. விசாரிக்க வந்தவரிடம் நோரீனே அப்படிச் சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

"உங்க மேல எனக்குக் கோபமே இல்ல லேலண்ட். நீங்க வேணும்னு செஞ்சீங்களா? கை நடுங்கினா நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். நான்தான் சொன்னேன், அந்த மனுஷனை ஒண்ணும் பண்ணாதீங்கன்னு."

அவர் எனக்கு ஒரு கிண்ணம் சிலி கொடுத்தார். அரைக்கிண்ணம்.

அது பதினைந்தாவது நீலப் புள்ளி.

எனவே திருத்தப்பட வேண்டிய வரி இதுதான். நான் அந்த நட்டை இறுக்க மறக்கவில்லை. என் கை தளர்ந்ததால் அது தளர்ந்திருக்கவில்லை. அதில் ரெஞ்சை வைக்கவே இல்லை. வைக்க வேண்டாம் என்று நன்கு யோசித்து முடிவெடுத்து, வெறும் விரலால் ஏற்றப்பட்ட நட்டின்மேல் இறுக்கியதற்கான குறியை இட்டேன். ஏழு நாட்கள் கழித்து மீண்டும் பார்த்து, அது அப்படியே இருப்பதை உறுதிசெய்துகொண்டு விட்டுவந்தேன். அதற்கு மறுநாள், என் இருக்கையில் நோரீனை உட்காரச் சொன்னேன். 'கவனக்குறைவு' என்ற சொல்லை மட்டும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பொருத்தமான சொல் எதுவோ அதைத் தாங்களே இட்டுக்கொள்ளலாம். எந்தச் சொல்லானாலும் எனக்கு மறுப்பில்லை.

நோரீனைச் சந்திக்க நேர்ந்தால், டெல்மரை நான் முழுமனதோடு மன்னித்துவிட்டேன் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

பக்கத்தின் அடியில் கையொப்பம் இட்டு, எங்கள் வழக்கப்படி அதன் குறுக்கே ஒரு கோடும் போட்டிருக்கிறேன். கோடு நேராக இருக்கிறது. வேறு எவரையும் கொண்டு சரிபார்க்கத் தேவையில்லை.

பணிவுடன்,
லேலண்ட் பிரூவர்